தலைப்பிரசவத்துக்குக் காத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வளைகாப்பு அன்று கைநிறைய வளையலும் வயிறு நிறையக் கலந்த சாதமும் கிடைக்கின்றன. பிரசவ அறைக்குள் என்ன நடக்கும் என்பதை மட்டும் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. நான் மருத்துவர் அல்ல. முதல் குழந்தையைச் சுகப்பிரசவத்திலும் இரண்டாவது குழந்தையை அறுவை சிகிச்சையிலும் பெற்றவள். ஏழாம் மாதம் தாண்டிய தங்கைகளும் உடன் வேலை பார்க்கும் பெண்களும் என்னிடம் தனியே வந்து கேட்ட கேள்விகளையும், நான் பட்டறிந்தும் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கேட்டறிந்தும் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சொல்லப்படும் நடைமுறைகள் தமிழ்நாட்டு மருத்துவமனைகளைச் சார்ந்தவை. உங்கள் உடல்நிலையைப் பொறுத்தவரை, உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர் சொல்வதே முடிவு.

டாக்டர் குறித்துக்கொடுத்த தேதி தாண்டிவிட்டால் ஆபத்தா?

அந்தத் தேதி, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள்களைக் கூட்டிச் சொல்லப்படும் ஒரு கணக்கு. மிகச் சரியாக அந்த நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான் இருக்கும். 37 வாரம் முடிந்த பிறகு வலி வந்தால் அது குறைமாதப் பிரசவம் ஆகாது. ஆனால் 41 வாரத்தைத் தாண்டும்போது பனிக்குட நீர் குறையவும், நஞ்சுக்கொடி குழந்தைக்குத் தேவையானதைக் கொடுப்பதில் தளரவும் வாய்ப்பு உண்டு என்பதால், அந்தக் கட்டத்தில் வலியை வரவழைத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற சிக்கல் இருப்பவர்களுக்கு இதற்கும் முன்பே சொல்லக்கூடும். தேதியைவிட முக்கியமானது குழந்தையின் அசைவு. வழக்கமாகத் துள்ளும் நேரத்தில் குழந்தை அசையாமல் இருப்பதாகத் தோன்றினால், மறுநாள் வரை பார்க்கலாம் என்று இருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போய் இதயத்துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். "இன்னும் ஆகலையா?" என்று நாள்தோறும் தொலைபேசியில் விசாரிக்கும் உறவினர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை வீட்டில் வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடுவது நல்லது.

வந்திருப்பது சூட்டு வலியா, பிரசவ வலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடைசி மாதத்தில் வயிறு அவ்வப்போது இறுகித் தளர்வது இயல்பு. நம் வீடுகளில் சூட்டு வலி என்று சொல்லப்படும் இதில் ஒழுங்கு இருக்காது. பத்து நிமிடத்தில் ஒன்று வரும், பிறகு அரை மணி நேரம் ஒன்றுமே இருக்காது. சற்று நடந்தாலோ, படுத்தாலோ, வெதுவெதுப்பான நீரில் குளித்தாலோ அடங்கிவிடும். பிரசவ வலி அடங்காது. பெரும்பாலும் இடுப்பின் பின்புறத்தில் தொடங்கி முன்வயிற்றுக்கு வரும். இடைவெளி குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு முறையும் முன்பு வந்ததைவிடச் சற்று நீண்டும் வலுத்தும் இருக்கும். அந்த நேரத்தில் வயிற்றைத் தொட்டால் நெற்றியைத் தொடுவதுபோல் கெட்டியாக இருக்கும். வலி விட்டதும் இளகிவிடும். அதற்கு முன்னோ அதே நேரத்திலோ கொழகொழப்பான சளி போன்ற கசிவில் சிறிது இரத்தம் கலந்து வரலாம். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. கருப்பை வாயை அடைத்திருந்த சளி விலகுகிறது என்பதே அதன் பொருள். அதன் பிறகு சிலருக்கு ஒரே நாளில் வலி எடுக்கும். சிலருக்குச் சில நாள்கள் ஆகும்.

எப்போது மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்?

தலைப்பிரசவத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடிக்கும் வலி, ஒரு மணி நேரமாகத் தொடர்ந்து வந்தால் கிளம்பலாம் என்பது பொதுவான கணக்கு. மருத்துவமனை தொலைவில் இருந்தாலோ, இரண்டாவது குழந்தையாக இருந்தாலோ இவ்வளவு காத்திருக்கக் கூடாது. இந்தக் கணக்கு எதையும் பார்க்காமல் உடனே போக வேண்டிய நிலைகளும் உண்டு. பனிக்குடம் உடைதல், மாதவிலக்கைப் போல இரத்தம் போதல், தலை பிளக்கும் வலியோடு கண் மங்குதல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல், 37 வாரத்துக்கு முன்பே வலி வருதல் ஆகியவை அத்தகையவை. 108 ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது. இரவு என்று தயங்க வேண்டாம்.

பையில் துணிமணிகளோடு தாய்சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஆதார் நகல் ஆகியவை ஒரே உறையில் இருக்கட்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கிராமச் சுகாதாரச் செவிலியர் கொடுத்த பன்னிரண்டு இலக்கப் பிக்மி எண்ணை உறையின் மேலேயே எழுதிவையுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை அந்த எண் தேவைப்படும்.

பனிக்குடம் உடைவது எப்படி இருக்கும்?

படபடவென்று தண்ணீர் கொட்டுவது சினிமாவில் அதிகம். வலி தொடங்குவதற்கு முன்பே பனிக்குடம் உடைவது பத்தில் ஒருவருக்கும் குறைவான பெண்களுக்குத்தான் நிகழ்கிறது. அதிலும் பலருக்கு, சிறுநீரை அடக்க முடியாமல் போய்விட்டதோ என்று நினைக்கும்படி கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சுத்தமான நாப்கின் ஒன்றை வைத்துக்கொண்டு நிறத்தைப் பாருங்கள்; மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். தெளிவாகவோ லேசான இளஞ்சிவப்பாகவோ இருந்தால் நிதானமாகக் கிளம்பலாம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். அப்போது தாமதம் கூடாது. வலி இல்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும். பெரும்பாலானோருக்கு 24 மணி நேரத்துக்குள் தானாகவே வலி வந்துவிடும் என்றாலும், நேரம் ஆக ஆகத் தொற்று ஏறும் வாய்ப்பு கூடும்.

சீரகக் கஷாயம், விளக்கெண்ணெய் குடித்தால் வலி வருமா?

சீரகத் தண்ணீரால் கெடுதல் இல்லை. சூட்டு வலியாக இருந்தால் அடங்கும், பிரசவ வலியாக இருந்தால் கூடும் என்று பாட்டிமார் சொல்வார்கள். வெந்நீர் குடித்துவிட்டுச் சற்று நேரம் பொறுத்திருந்தாலும் அதுவே தெரிந்துவிடும். விளக்கெண்ணெய் வேறு. அது முதலில் குடலைக் கலக்கும். வயிற்றுப்போக்கில் உடலின் நீர் வற்றிப்போய், பிரசவத்துக்கு வேண்டிய தெம்பு இல்லாமல் வந்து சேரும் பெண்களைச் செவிலியர்கள் நன்றாக அறிவார்கள். வேண்டாம்.

"ரெண்டு விரல் திறந்திருக்கு" என்கிறார்களே, அது என்ன?

குழந்தை வெளியே வருவதற்குக் கருப்பை வாய் 10 சென்டிமீட்டர் அளவுக்கு விரிய வேண்டும். உறை அணிந்த விரல்களை உள்ளே வைத்துத்தான் அந்த அளவு பார்க்கப்படுகிறது. ஒரு விரல் என்பது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். அளவோடு கூடவே, கருப்பை வாய் மெலிந்திருக்கிறதா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதையும் அதே பரிசோதனையில் கண்டுகொள்கிறார்கள்.

இந்த உள் பரிசோதனை வலியைவிடக் கூச்சத்தால்தான் பலரையும் வதைக்கிறது. தொடைகளை இறுக்கிக்கொண்டால் வலி கூடும். வாயைத் திறந்து மெல்ல மூச்சை வெளியே விட்டால் குறையும். வலி எடுக்கும் அந்தக் கணத்தில் கையை வைக்க வந்தால், "இந்த வலி விடட்டும், பிறகு பாருங்கள்" என்று சொல்லலாம். அவசரம் இல்லாதபோது ஒத்துக்கொள்வார்கள். வலி நன்கு பிடித்த பிறகு, சிக்கல் இல்லாத பெண்ணுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பயிற்சி மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்க்கிறார்கள் என்றால், அது தேவைதானா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும்?

இதற்கு உண்மையான பதில், வலியின் தொடக்கத்தை எங்கிருந்து எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் விரியும் வரை உள்ள முதல் பகுதி மிக மந்தமானது. தலைப்பிரசவத்தில் ஒரு பகலும் ஓர் இரவும்கூட எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பகுதியில் மருத்துவமனைக்குப் போனால் "இன்னும் நேரமாகும், நடங்கள்" என்றுதான் சொல்வார்கள். நான் பார்த்தவரை தலைப்பிரசவப் பெண்கள் மனம் உடைந்துபோவது இங்கேதான். இரவெல்லாம் வலித்தும் காலையில் ஒரே ஒரு விரல்தான் திறந்திருக்கிறது என்று கேட்கும்போது, தன் உடம்பில் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். குறை ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் கருப்பை வாய் விரிவதைவிட மெலிவதும் இளகுவதும்தான் அதிகம் நடக்கிறது. விரல் கணக்கில் அது தெரியாது.

ஐந்து சென்டிமீட்டருக்குப் பிறகு வேகம் கூடும். அங்கிருந்து முழுதாக விரிவதற்குத் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம் வரையிலும், அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம் வரையிலும் ஆகலாம். அமெரிக்க மருத்துவர் இமானுவேல் ஃபிரீட்மன் 1950களில் வரைந்த வரைபடத்தை ஒட்டி, மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது விரிய வேண்டும் என்ற கணக்கு நெடுங்காலம் மருத்துவமனைகளில் கடைப்பிடிக்கப்பட்டது. தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்போது, இந்த வேகம் இல்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து வலியை முடுக்கவோ அறுவை சிகிச்சைக்குப் போகவோ வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் தெளிவாகச் சொன்னது. முழுதாக விரிந்த பிறகு முக்கிப் பெறுவதற்குத் தலைப்பிரசவத்தில் மூன்று மணி நேரம் வரை ஆகலாம். பலருக்கு அதைவிடக் குறைவாகவே ஆகும்.

ஜெல் வைப்பதும் டிரிப்ஸ் போடுவதும் எதற்கு? அவற்றால் வலி அதிகமாகுமா?

கருப்பை வாய் இன்னும் கெட்டியாக இருக்கும்போது அதை இளக்குவதற்காக ஜெல் வைக்கிறார்கள்; சில இடங்களில் மாத்திரையோ, சிறு பலூன் உள்ள குழாயோ வைப்பார்கள். இளகிய பிறகும் வலி போதுமான அளவு வரவில்லை என்றால் டிரிப்ஸில் ஆக்ஸிடோசின் சேர்ப்பார்கள். "வலி ஊசி" என்று பெயர் பெற்ற இது, தாயின் மூளையிலிருந்து தானாகச் சுரக்கும் ஹார்மோனின் அதே வடிவம்தான். அதை 1953இல் ஆய்வகத்தில் உருவாக்கிய வின்சென்ட் டு வீன்யோவுக்கு 1955இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. இயற்கையாக வரும் வலி படிப்படியாக ஏறும். டிரிப்ஸில் வருவது சட்டென்று நெருக்கமாக வரும். என் முதல் பிரசவத்தில் ஜெல் வைத்த பின் வந்த வலியைப் பேசிக்கொண்டே தாங்க முடிந்தது. டிரிப்ஸ் ஏறத் தொடங்கியதும், ஒரு வலி விட்டு அடுத்தது வருவதற்குள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து ஒரு மிடறு குடிப்பதற்குத்தான் நேரம் இருந்தது. அதனால்தான் டிரிப்ஸ் ஓடும்போது குழந்தையின் இதயத்துடிப்பை இடைவிடாமல் கவனிக்க வேண்டும் என்கிறார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிப்பது இயல்பு.

எதற்காகத் தொடங்குகிறீர்கள், இன்னும் சில மணி நேரம் பொறுத்தால் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளையும் டிரிப்ஸ் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். போட்ட பிறகு கேட்க மூச்சு இருக்காது.

அந்த வலி உண்மையில் எப்படி இருக்கும்?

ஒரே அளவில் நீடிக்கும் வலி அல்ல என்பதுதான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. வரும், உச்சத்துக்கு ஏறும், இறங்கும். இடையில் முழு ஓய்வு கிடைக்கும். அந்த இடைவெளியில் சிலர் தூங்கிக்கூட விடுகிறார்கள். குழந்தையின் பின்தலை தாயின் முதுகெலும்பை அழுத்தியவாறு இருந்தால் மட்டும் இடுப்பு வலி இடைவெளியிலும் முழுதாக விடாது. யாராவது உள்ளங்கையால் இடுப்பின் அடிப்பகுதியை நன்றாக அழுத்திப் பிடித்தால் அது ஓரளவு குறையும். நடப்பது, சுவரைப் பிடித்து முன்னால் சாய்ந்து நிற்பது, மண்டியிட்டுக் கட்டிலில் கையூன்றுவது எல்லாம் மல்லாந்து படுப்பதைவிட எளிதாக இருக்கும். வலி ஏறும்போது மூச்சைப் பிடிக்காமல், மெல்லிய முனகலோடு வெளியே விடுங்கள். கத்தினால் தெம்பு போய்விடும் என்று சொல்லி அடக்குவார்கள். கத்துவது குற்றம் ஒன்றும் அல்ல, ஆனால் தாழ்ந்த குரலில் முனகுவது உடம்பைத் தளர்த்த உதவுகிறது என்பது என் அனுபவம்.

எட்டு சென்டிமீட்டரிலிருந்து பத்து வரை உள்ள பகுதிதான் மிகக் கடினமானது. உடம்பு வெடவெடவென்று நடுங்கும், வாந்தி வரும், வியர்க்கும், "என்னால் முடியாது, ஆபரேஷன் செய்துவிடுங்கள்" என்று சொல்லத் தோன்றும். அனுபவம் உள்ள செவிலியர் இதைக் கேட்டதும் குழந்தை வரப்போகிறது என்று கையுறையை எடுப்பார். அந்தப் பகுதி பெரும்பாலும் நீண்ட நேரம் இருப்பதில்லை என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது பெரிய துணை.

வலி குறைக்க மருந்து கேட்பது தவறா?

தவறே அல்ல. பல்லைப் பிடுங்குவதற்கு மரத்துப்போகும் ஊசி கேட்பவளை யாரும் ஏளனம் செய்வதில்லை. முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்தும் எபிடியூரல், இருப்பவற்றில் மிகப் பலன் தருவது. அதனால் முக்கும் கட்டம் சற்று நீளலாம். ஆனால் அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பு கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மயக்க மருத்துவர் எப்போதும் இருக்கும் மருத்துவமனைகளில்தான் அது கிடைக்கும் என்பதால், எட்டாம் மாதத்திலேயே விசாரித்துவிடுங்கள். மற்ற இடங்களில் தசையில் போடும் ஊசிகள் உண்டு. அவை வலியின் முனையை மழுக்குமே தவிர நீக்கா. சிலருக்கு மயக்கமும் குமட்டலும் தரும்.

பிரசவ அறைக்குள் அம்மாவோ கணவரோ உடன் இருக்கலாமா?

இருக்கலாம். பிரசவ நேரத்தில் பெண் உறவினர் ஒருவர் உடன் இருக்க அனுமதிக்கும்படி மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் அரசு மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தியது. மற்றப் பெண்களின் மறைவைப் பாதிக்காத தனியறை வசதி இருக்கும் இடங்களில் கணவரும் இருக்கலாம். தொடர்ந்து ஒருவர் உடனிருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, அறுவை சிகிச்சையும் குறைகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் உறுதியானது. யாரை அழைத்துச் செல்வது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். உங்களைவிட அதிகமாக அழப்போகிறவர் அம்மாவாகவே இருந்தாலும் வெளியே உட்காரட்டும்; தைரியமான சித்தியோ அண்ணியோ போதும்.

திட்டுவார்கள், தொடையில் அடிப்பார்கள் என்கிறார்களே?

நடக்கிறது, மறைத்துப் பயன் இல்லை. எனக்கும் ஒரு முறை, "வலிக்கும்னு தெரியாமலா வந்த?" என்ற பேச்சு கிடைத்தது. இதைப் பிரசவத்தோடு சேர்ந்த ஒன்றாகப் பெண்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. பிரசவ அறைகளைச் சீராக்க 2017இல் மத்திய அரசு தொடங்கிய லக்ஷ்யா திட்டத்தில், தாயை மரியாதையோடு நடத்துவதும் மருத்துவத் தரத்தின் ஒரு பகுதியாகவே வைக்கப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் உங்களால் வாதாட முடியாது. உடன் இருப்பவர், குரலை உயர்த்தாமல், "சிஸ்டர், அவளுக்குப் பயமாக இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று ஒரு முறை சொன்னாலே சூழ்நிலை மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் மாறாவிட்டால், வீடு திரும்பிய பின் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் சொல்லலாம்.

முக்கும்போது மலம் வந்துவிட்டால்?

வரும். பெரும்பாலானோருக்குக் கொஞ்சமாவது வரும்; அதே இடத்தைக் குழந்தையின் தலை அழுத்திக்கொண்டு இறங்குகிறது. செவிலியர் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அந்தக் கூச்சத்தால் முக்காமல் அடக்குவதுதான் சிக்கல், ஏனென்றால் மலம் கழிக்க முக்குவது போன்ற அதே முக்கலைத்தான் அங்கே கேட்கிறார்கள். முகத்தையும் தொண்டையையும் இறுக்காமல், முகவாயை மார்போடு சேர்த்து, அழுத்தத்தைக் கீழே செலுத்த வேண்டும். தலை தெரியும்போது சுரீரென்று எரியும். அப்போது "முக்காதே, மூச்சு விடு" என்பார்கள். தசை மெல்ல விரிந்து கொடுக்கவே அந்தச் சில நொடிகள். யாரேனும் மேலிருந்து வயிற்றை அமுக்கிக் குழந்தையைத் தள்ள வந்தால், அதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை என்பது உங்கள் துணையாக வருபவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

எல்லாருக்கும் வெட்டித் தையல் போடுவார்களா?

எல்லாருக்கும் வெட்டுவது தேவையில்லை என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. ஆயுதம் வைத்து எடுக்க வேண்டிய நிலையிலோ, குழந்தையின் துடிப்பு குறைந்து உடனே எடுக்க வேண்டிய நிலையிலோ வெட்டுவார்கள். வெட்டாவிட்டாலும் தலைப்பிரசவத்தில் சிறிது கிழிவது சாதாரணம். தையலுக்கு முன் மரத்துப்போகும் ஊசி போட வேண்டும். ஊசி வேலை செய்யாமல் குத்துவது தெரிந்தால் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் போடுவார்கள். நூல் தானாகக் கரைந்துவிடும். முதல் வாரம் உட்காரும்போது இழுக்கும். மலம் இறுகாமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி வைத்தியம். சீழோ, காய்ச்சலோ, நாள் ஆக ஆகக் கூடும் வலியோ இருந்தால் காட்ட வேண்டும்.

கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாதாமே?

ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது. நான்கில் ஒரு தாய்மாமனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் ஊரில் தாய்மாமன்களே மிஞ்சியிருக்க மாட்டார்கள். பெரும்பாலும் தளர்வாகத்தான் சுற்றியிருக்கும். தலை வந்ததும் விரலால் விலக்கிவிடுவார்கள்.

குழந்தை பிறந்த பிறகு எல்லாம் முடிந்துவிட்டதா?

இல்லை, நஞ்சுக்கொடி வர வேண்டும். பிறந்த உடனே தாயின் தொடையில் 10 அலகு ஆக்ஸிடோசின் ஊசி போடுவது இரத்தப்போக்கைத் தடுப்பதற்காக. வழக்கமாக அரை மணி நேரத்துக்குள் நஞ்சு வந்துவிடும். அதற்குள் குழந்தையை உங்கள் வெறும் மார்பின் மேல் போடச் சொல்லிக் கேளுங்கள். தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டினால் நஞ்சிலிருந்து கூடுதல் இரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்து, பின்னால் வரும் இரத்தசோகையைக் குறைக்கும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். சொட்டுக் கணக்கில் வந்தாலும் அந்த வயிற்றுக்கு அது போதும். சேனை, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். குளிப்பாட்டுவதையும் ஒரு நாள் தள்ளிவையுங்கள்.

குழந்தையைப் பார்த்தவுடன் பாசம் பொங்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலருக்குப் பொங்கும். எனக்கு முதல் முறை, வலி நின்றது என்ற நிம்மதியும் பசியும் மட்டுமே இருந்தன. பாசம் இரண்டு மூன்று நாள்கள் கழித்துத்தான் வந்தது. அதுவும் இயல்புதான்.

இப்போதெல்லாம் ஏன் இவ்வளவு சிசேரியன்?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவை சிகிச்சையில் நடந்தன. தனியார் மருத்துவமனைகளில் அது 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. நாடு முழுமைக்குமான அளவு 21.5 மட்டுமே. தாமதமான திருமணம், சர்க்கரை நோய், முதல் பிரசவம் அறுவை சிகிச்சையாக இருந்ததால் அடுத்ததும் அவ்வாறே ஆவது என்று காரணங்கள் பல இருந்தாலும், அரசு மருத்துவமனைக்கும் தனியார் மருத்துவமனைக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை உடல்நிலையால் மட்டும் விளக்கிவிட முடியாது என்றே நான் நினைக்கிறேன். நல்ல நாள், நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்துக் கேட்கும் குடும்பங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அதற்காக, தேவைப்படும்போது செய்யும் அறுவை சிகிச்சையைத் தோல்வியாக எண்ணக் கூடாது. என் இரண்டாவது குழந்தையின் துடிப்பு இறங்கியபோது மருத்துவர் ஒரே நிமிடத்தில் முடிவெடுத்தார். அந்த முடிவால்தான் அவள் இன்று பள்ளிக்குப் போகிறாள். முதுகில் ஊசி போட்டதும் கால்கள் கனத்து மரத்துப்போகும், விழித்துக்கொண்டுதான் இருப்போம். வெட்டுவது தெரியாது, ஆனால் உள்ளே யாரோ பையைத் துழாவுவது போன்ற இழுப்பும் அழுத்தமும் நன்றாகத் தெரியும். முன்பே சொல்லப்படாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லையோ என்று திகில் பிடிக்கும். குழந்தை சில நிமிடங்களில் வந்துவிடும். தைப்பதற்குத்தான் முக்கால் மணி நேரம். மறுநாள் எழுந்து நிற்க வைப்பார்கள். அந்த முதல் எழுச்சியின் வலி சுகப்பிரசவத்தின் எந்த வலிக்கும் குறைந்தது அல்ல என்பதால், "வலிக்காமல் பெற்றவள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதுகில் போட்ட ஊசியால் காலம் முழுதும் முதுகுவலி வருமா?

ஊசி போட்ட இடம் சில நாள்கள் வலிக்கும். நாள்பட்ட முதுகுவலி, ஊசி போடாதவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவில் வருகிறது. வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதும், குழந்தையைக் குனிந்து தூக்குவதும், வளைந்து உட்கார்ந்து பால் கொடுப்பதும்தான் காரணம்.

பச்சை உடம்புக்காரி தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்கிறார்களே?

இதில் மட்டும் வீட்டுப் பெரியவர்களோடு மல்லுக்கட்டத் தயங்காதீர்கள். பால் சுரப்பதற்கும், தையல் போட்டவளுக்கு மலம் இளகுவதற்கும், காலில் இரத்தம் கட்டாமல் இருப்பதற்கும் தண்ணீர் வேண்டும். பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் தாராளமாக இருக்கட்டும். கூடவே கீரையும் பழமும் முட்டையும் இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

எவ்வளவு இரத்தம் போகலாம்?

நான்கு முதல் ஆறு வாரம் வரை, நிறம் வெளுத்துக்கொண்டே போய் நிற்கும். பால் கொடுக்கும்போது அடிவயிறு சுருக்கென்று இழுப்பது கருப்பை சுருங்குவதால். இரண்டாவது பிரசவத்தில் அது இன்னும் கூடுதலாக இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதாக நனைந்தாலோ, பெரிய கட்டிகளாக வந்தாலோ, தலை சுற்றினாலோ, நாற்றத்தோடு காய்ச்சல் வந்தாலோ, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும். தலைவலியோடு கண் மங்குதல் பிரசவத்துக்குப் பிறகும் வரலாம். மருத்துவமனையிலிருந்து சீக்கிரம் கிளம்ப அவசரப்படாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் உணவும் மருந்தும் இலவசம், வீட்டில் கொண்டு விடும் 102 வண்டியும் இலவசம்.

பிரசவத்தை நினைத்தாலே அழுகை வருகிறது. இது சரியாகிவிடுமா?

பிரசவம் முடிந்த முதல் இரண்டு வாரம் காரணமே இல்லாமல் கண்ணீர் வருவது மிகப் பரவலானது. தூக்கமும் பேச்சுத் துணையும் கிடைத்தால் தணியும். இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தாலோ, குழந்தையைத் தொடவே பிடிக்காவிட்டாலோ, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தாலோ அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மருந்துகளும் உண்டு.

சிலருக்கு அழுகைக்குக் காரணம், அன்று என்ன நடந்தது என்பதே புரியாமல் இருப்பது. திடீரென்று ஏன் எல்லாரும் ஓடினார்கள், ஏன் கையெழுத்துக் கேட்டார்கள் என்பது விளங்காமல் மனம் அதையே சுற்றிச் சுற்றி வரும். ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப்போய், ஒவ்வொரு வரியையும் விளக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பெரும்பாலானோர் சொல்லவும் செய்வார்கள். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அறுவை சிகிச்சை என்றால் கருப்பையில் வெட்டு எந்த இடத்தில், எந்தத் திசையில் போடப்பட்டது, எதற்காகச் செய்யப்பட்டது என்பவை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த பிரசவத்தைச் சுகப்பிரசவமாக முயன்று பார்க்கலாமா என்பதை எந்த மருத்துவரும் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.